விடுகைப் பத்திரம் பெறாத மொசாற்

உங்கள் மகன் ஒருநாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்து, தான் உத்தியோகத்தை விட்டுவிட்டதாகச் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள், இல்லை என்கிறான். வேறு இடம் பார்த்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். அதற்கும் இல்லை என்கிறான். இனி, அவன் விட்டுவந்த அதே கந்தோரில் நீங்களும் முப்பது, நாற்பது வருடமாகக் கடமையாற்றுகிறவர் என்றும், விடிந்ததும் அதே துரையின் முகத்தில் விழிக்க வேண்டியவர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு உங்களுக்கு நித்திரை வருமா?

1781-ம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பாவின் சால்ஸ்பேர்க் நகரில் இருந்த ஒரு தகப்பனாருக்கு இந்த நிலைமை வந்தது. தகப்பனார் லெயோப்போல்ட் மொசாற். செய்தி வியன்னாவிலிருந்து கடிதமாக வந்தது. எழுதியவர் 25 வயது நிரம்பிய அவருடைய மகன் வொல்வ்காங் அமதேயுஸ் மொசாற். ஆம், உலகம் இன்றும் கொண்டாடும் அந்தச் சங்கீத மேதைதான். தேவநற்கருணைக்குத் தோத்திரமாகப் பாடகர் குழுக்கள் பாடும் ஆவே வேரும் கோர்ப்புஸ் என்னும் கீதத்துக்கு உருக்கமான இசையமைத்தவர்தான். அவருடைய இசையைப்பற்றி எழுதுவோர் பலர். அவர் வேலையை விட்ட கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இக்கதையில் எசமானாக வருபவர் ஓர் அதிமேற்றிராணியார். கத்தோலிக்கப் பத்திரிகையில் இதை எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். சரித்திரத்தைப் பாதி மறைத்துச் சொல்வதிலும் பார்க்கச் சொல்லாமல் விடுவது மேல். சொல்வதென்றால் முழுவதையும் சொல்லவேண்டும். அக்காலத்துச் சால்ஸ்பேர்க் ஒஸ்திரியாவோடு சேர்ந்ததல்ல. அது ஒரு தனி அரசு. அங்குள்ள அதிமேற்றிராணியாரே அதன் அரசரும் ஆவார். மேய்ப்பரின் கோலும் அரசரின் செங்கோலும் ஒரே கையில் இருந்தன. அரண்மனை, திறைசேரி, நீதிமன்றம் எல்லாம் அவருடையவை. அரண்மனைச் சங்கீதக்காரர் காலையில் பேராலயத்துப் பூசைக்கு வாசிப்பார்கள், மாலையில் விருந்தாளிகளுக்கு வாசிப்பார்கள். எத்தனை திறமைசாலியானாலும் சம்பளப் புத்தகத்தில் அவர்கள் அரண்மனைப் பணியாளர்கள்.

லெயோப்போல்ட் ஒக்ஸ்பேர்க் நகரத்துப் புத்தகம் கட்டுபவர் ஒருவரின் மகன். சால்ஸ்பேர்க்குக்குப் படிக்க வந்தவர், படிப்பைவிட்டுச் சங்கீதத்தில் இறங்கி, 1743-ல் அரண்மனை வாத்தியக் குழுவில் கடைசி வரிசை வயலின்காரராகச் சேர்ந்தார். 1763-ல் உதவி நடத்துனரானார். அதற்கு மேலே ஒரு படியும் ஏற அவருக்குக் கிடைக்கவில்லை. பிறந்த பிள்ளைகள் ஏழு பேரில் தப்பினவர்கள் இருவர்: நானெர்ல் என்று அழைக்கப்பட்ட மரிய அன்னாவும், 1756-ம் ஆண்டு ஜனவரி 27-ந் திகதி பிறந்த வொல்வ்காங்கும்.

அந்தச் சிறுவனின் புதுமைகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆறு வயதில் வியன்னா மாளிகையில் மரிய தெரேசா பேரரசியின் முன் வாசித்தான். 1763 முதல் 1766 வரை தகப்பனார் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு மியூனிக், பாரிஸ், லண்டன் என்று ஊரூராய்ப் போய்வந்தார். 1770-ல் உரோமாபுரியில் பதினான்காம் கிளமெந்து பாப்பரசர் பதினான்கு வயதுப் பையனுக்குத் தங்கக் குதிமுள் என்னும் வீரப்பட்டத்தை அளித்தார். இவ்வளவு நாள் லீவு யார் கொடுத்தார் என்று கேட்பீர்கள். அப்போதிருந்த அதிமேற்றிராணியார் சிகிஸ்முண்ட் ஷ்ராத்தன்பாக் தாராள மனத்தவர். பிள்ளையின் புகழ் தன் நகரத்தின் புகழ் என்று எண்ணிப் போகவிட்டார். அவர் 1771 டிசம்பரில் காலமானார்.

அடுத்த ஆண்டு அவர் இடத்துக்குத் தெரிவானவர் ஹியரோனிமுஸ் கொலொரேடோ. இவரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற புத்தகங்கள் பல உண்டு, அது நீதியல்ல. அவர் கல்விமான், சிக்கனக்காரர். கடன்பட்டுக் கிடந்த திறைசேரியை நிமிர்த்தப் பாடுபட்டார், பள்ளிக்கூடங்களைச் சீர்செய்தார், ஆடம்பரமான சடங்குகளைக் குறைத்தார், மக்கள் தங்கள் மொழியில் பாட வேண்டுமென்று விரும்பினார். பாட்டுப் பூசை எவ்வளவு பெரிய திருநாளானாலும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் நீளக்கூடாது என்பதும் அவருடைய ஒழுங்கு. இதைக் கேட்டு எங்கள் பாடகர் குழுவினர் வருந்துவார்கள். பின்வாங்கில் இருப்போர் அந்த அதிமேற்றிராணியாருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னாலும் சொல்வார்கள்.

ஆனால் அவரிடம் ஒன்று இல்லை. தன் பணியாளனை ஒரு மனிதனாக முகம் பார்த்துப் பேச அவருக்கு வராது. மொசாற்றுக்கு 1772-ல் ஆண்டுக்கு 150 புளோரின் சம்பளம் வைத்தார். பிரயாணத்துக்கு லீவு கேட்டால் மறுப்பு. 1777-ம் ஆண்டு ஆகஸ்டில் மொசாற் முறைப்படி விண்ணப்பம் எழுதித் தன்னை வேலையிலிருந்து விடுவிக்கக் கேட்டார். வந்த மறுமொழி, தகப்பனும் மகனும் இருவருமே சுவிசேஷத்தின்படி வேறிடத்தில் தங்கள் பாக்கியத்தைத் தேடிக்கொள்ளலாம் என்பது. மகன் கேட்டது தனக்கு. எசமான் சேர்த்துவிட்டது தகப்பனையும். லெயோப்போல்ட் நோயாளியானார் என்றே சொல்லவேண்டும். பின்பு அவரை வேலையில் தொடர்ந்திருக்க விட்டார்கள். ஆனால் அந்த ஒரு மறுமொழியின் பயம் அவரை விட்டு நீங்கவில்லை. அடுத்து நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இதை மனத்தில் வைத்திருங்கள்.

அந்த முதல் விலகல் ஒழுங்காகச் செய்யப்பட்ட விலகல். விண்ணப்பம் உண்டு, அனுமதி உண்டு, துணைக்குத் தாயும் உண்டு. தாயும் மகனும் மியூனிக்குக்குப் போனார்கள், வேலையில்லை. மன்ஹைமுக்குப் போனார்கள், அங்கும் இல்லை. பாரிசில், 1778 ஜூலை 3-ந் திகதி, தாய் நோயுற்று இறந்தார். அந்நிய நகரத்தில் தாயை அடக்கம் செய்துவிட்டு, தகப்பனார் பட்ட கடனையும் சுமந்துகொண்டு, மகன் 1779 ஜனவரியில் திரும்பிவந்து அதே எசமானிடம் மீண்டும் வேலை ஏற்றார். பேராலயத்திலும் அரண்மனையிலும் ஓர்கன் வாசிக்கும் வேலை. சம்பளம் 450 புளோரின். மும்மடங்கு கூடிய சம்பளந்தான். ஆனால் கதவைத் தட்டித் திரும்பி வந்தவன் எப்படி நடத்தப்படுவான் என்பது வேலைசெய்து பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1780 நவம்பரில் மியூனிக்கில் ஓர் இசைநாடகம் எழுதி அரங்கேற்ற மொசாற்றுக்கு ஆறு கிழமை லீவு கிடைத்தது. இடொமெனேயோ என்னும் அந்த நாடகம் 1781 ஜனவரி 29-ல் அரங்கேறிப் பெரும் புகழ் பெற்றது. நாடகம் முடிந்தது, லீவும் எப்போதோ முடிந்தது, ஆள் மட்டும் திரும்பவில்லை. நான்கு மாதம் கழித்து, அப்போது வியன்னாவில் தங்கியிருந்த அதிமேற்றிராணியார் கட்டளை அனுப்பியபின்தான் அசைந்தார். இந்த இடத்தில் நான் எசமானின் பக்கம். ஆறு கிழமை லீவில் போய் நான்கு மாதம் நின்றவனை எந்தக் கந்தோரில் மாலை போட்டு வரவேற்பார்கள்?

மார்ச் 16-ந் திகதி காலை ஒன்பது மணிக்கு வியன்னா வந்து சேர்ந்தார். பிரயாணக் களைப்பு ஆறமுன் மாலை நான்கு மணிக்கே அவரைக் கச்சேரிக்கு இருத்திவிட்டார்கள். மற்றச் சங்கீதக்காரர் வெளியில் தங்கினார்கள். இவருக்கு மட்டும் எசமானின் விடுதியிலேயே அறை. மரியாதைக்காகத்தானே என்று எண்ணவேண்டாம். கண்காணிப்பும் அதற்குள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் தலைப்பக்கத்தில் எசமானின் உடைபார்க்கும் அணுக்கப் பணியாளர் இருவர். சமையற்காரரும் அதே மேசையில். சங்கீதக்காரருக்குச் சமையற்காரருக்கு மேலே இடம். ஆறு வயதில் பேரரசியின் முன் வாசித்து, பதினான்கு வயதில் பாப்பரசரிடம் பட்டம் வாங்கியவர், தமக்கு வாய்த்த அந்தப் பெருமையைத் தகப்பனாருக்குக் கேலியாக எழுதினார். கேலியின் அடியில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். (சமையல் வேலை குறைவான வேலையென்று நான் சொல்லவரவில்லை. அந்த மேசையில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கவேண்டும் என்று அளந்து காட்டப்பட்டதே, அதைத்தான் சொல்கிறேன்.)

வியன்னா அவரைக் கேட்க ஆவலாக இருந்தது. எசமானோ வெளியில் வாசிக்க விடவில்லை. இறந்த சங்கீதக்காரரின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நிதி சேர்க்கும் கச்சேரிக்குக்கூட முதலில் மறுத்தார். பெரிய குடும்பத்தார் பலர் வற்புறுத்தியபின் இணங்கினார். ஏப்ரல் 3-ந் திகதி நடந்த அந்தக் கச்சேரியில் கரகோஷம் ஓயவில்லை.

ஐந்து நாள் கழித்து நடந்ததுதான் மனத்தை உடைத்தது. ஏப்ரல் 8-ந் திகதி மாலை அதிமேற்றிராணியாரின் விருந்தாளிகளுக்குக் கச்சேரி. அதற்காக மொசாற் முதல்நாள் இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் ஒரு புதிய சொனாட்டா எழுதினார். நேரம் போதாமையால் வயலின்காரரின் பகுதியை மட்டும் கடதாசியில் எழுதிவிட்டு, தமது பியானோப் பகுதியைத் தலைக்குள் வைத்துக்கொண்டு போய் வாசித்தார். அதே மாலையில் தூண் சீமாட்டியின் வீட்டில் வேறொரு கச்சேரி. அங்கே இரண்டாம் யோசேப்பு சக்கரவர்த்தி வந்திருந்தார். வாசித்தவர், பாடினவர் ஒவ்வொருவருக்கும் ஐம்பது தங்க டக்கற் கிடைத்தது. மொசாற்றின் ஆண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி அது. காசு போனது ஒருபுறம். சக்கரவர்த்தியின் காதில் விழும் தருணம் போனது மறுபுறம்.

இனி மே மாதத்துக்கு வருவோம். மாதத் தொடக்கத்தில் விடுதியைக் காலிசெய்து சால்ஸ்பேர்க்குக்குப் புறப்படும்படி திடீரென்று கட்டளை வந்தது. மொசாற் அறையை விட்டு, தமக்குப் பழக்கமான வேபர் என்னும் விதவையின் வீட்டுக்குக் குடிபோனார். அந்த வீட்டுக்குப் பெயர் கடவுளின் கண் என்பது. வரவேண்டிய பணம் கொஞ்சம் கைக்கு வராததால் பிரயாணத்தைச் சில நாள் பின்போட்டார். மே 9-ந் திகதி எசமானிடம் போனபோது, ஊருக்கு அவசரமாகக் கொண்டுபோக ஒரு பொதி காத்திருந்தது. உண்மைக் காரணத்தைச் சொன்னால் எடுபடாது, வண்டியில் இடமில்லை என்று சொல்லிவிடு என்று உள்ளே இருந்த பணியாளர் சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் அப்படியே சொன்னார். வாசகரே, அது பொய். இவ்வளவு பெரிய மேதையும் லீவுக்குக் காரணம் சொல்லும் வேளையில் நம்மைப்போலத்தான்.

அதிமேற்றிராணியார் வெடித்தார். இவனைப்போல ஒழுங்கீனமான பயல் இல்லை, இவ்வளவு கேவலமாக எனக்கு வேலை செய்தவன் வேறில்லை, இன்றைக்கே புறப்படாவிட்டால் சம்பளத்தை நிறுத்த எழுதுவேன் என்றார். இன்னும் பல சொற்கள். அவற்றை இங்கே எழுதவேண்டாம். என்மேல் தங்களுக்குத் திருப்தியில்லையா என்று மொசாற் கேட்டார். கதவைக் காட்டினார். அப்படியானால் நாளைக்கு எழுத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மொசாற் வெளியேறினார்.

கோபக்காரர் வெற்றியோடு வெளியேறினார் என்று எண்ணுகிறீர்களா? அன்று மாலை நாடகசாலைக்குப் போனவர் முதலாம் அங்கம் முடியமுன் எழுந்துவர வேண்டியதாயிற்று. உடம்பெல்லாம் நடுங்கிற்று, தெருவில் நேராக நடக்க முடியவில்லை. மறுநாளும் காலையில் படுக்கையை விட்டு எழும்பவில்லை. பலகாலம் அடக்கி வைத்த அவமானம் வெளியே வரும்போது அது உடம்பைச் சும்மா விடுவதில்லை.

அதற்கு முன்னரே, அந்தச் சூட்டோடு, தகப்பனாருக்குக் கடிதம் எழுதிவிட்டார். அக்கடிதத்தில் ஒரு பகுதியை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. ஊரறிய என்னை எவ்வளவு வேண்டுமானாலும் கண்டித்துப் பேசுங்கள், அப்போது உங்கள்மேல் குற்றம் வராது. ஆனால் இரகசியமாக, நான் செய்தது உங்களுக்குச் சந்தோஷம் என்று எனக்கு எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். எசமான் உங்களிடம் மரியாதைக் குறைவாக நடந்தால் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், மூன்று பேரும் இங்கே பிழைக்கலாம் என்றும் எழுதினார். மகன் கேட்டது பணமல்ல. இரகசியமாக ஒரு வரி.

அந்த வரி வரவில்லை. தகப்பனார் அக்காலத்தில் எழுதிய கடிதங்கள் அழிந்துபோயின; ஆனால் மகன் எழுதிய மறுமொழிகளிலிருந்து அவற்றில் என்ன இருந்தது என்று ஊகிக்க முடிகிறது. கடமை, கடன், நன்றிகெட்டதனம், வேபர் வீட்டுப் பெண்கள்: எல்லாம் வந்தன. தகப்பனாரைக் குறைசொல்ல என் மனம் துணியவில்லை. முப்பத்தெட்டு வருடச் சேவை. விவாகமாகாத மகள் வீட்டில். 1777-ல் வந்த அந்த மறுமொழி இன்னும் காதில். மகன் வியன்னாவில் சுதந்திரமாக நின்று பேசுகிறார். தகப்பனார் அதே அரண்மனையின் வாசலால் நாளை உள்ளே போகவேண்டும்.

இங்கே அக்கால வழக்கத்தை ஒரு சொல்லில் விளக்கவேண்டும். இன்றைக்கு நோட்டீஸ் கொடுத்தவன் நாள் முடிந்ததும் போய்விடலாம். அன்று அரண்மனைப் பணியாளன் போவதற்கு எசமான் விடுகை கொடுக்கவேண்டும். யொகான் செபஸ்தியான் பாக் என்னும் பெரிய சங்கீதக்காரர், 1717-ல் வைமார் கோமகனிடம் விடுகை கேட்டுப் பிடிவாதம் பிடித்ததற்காக நவம்பர் 6 முதல் டிசம்பர் 2 வரை சிறையில் வைக்கப்பட்டார். ஹைடன் 1761-ல் எஸ்ரர்ஹாசி பிரபுவின் சேவையில் சேர்ந்தபோது, விலகுவதானால் ஆறு மாதத்துக்கு முன்பே அறிவிக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. பிரபுவோ நினைத்தபோது அவரை அனுப்பலாம். ஹைடன் அதற்குள் அடங்கியிருந்து, ஏறக்குறைய முப்பது வருடம் சேவை செய்து, உலகப்புகழும் பெற்றார். ஆகவே அடங்கியிருந்தவன் எல்லாம் கெட்டான் என்றும் சொல்லமுடியாது. ஹைடனுக்கு வாய்த்த எசமானுக்குச் சங்கீதம் உயிர், அதையும் சொல்லியாகவேண்டும்.

மொசாற் தம் விலகல் விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு, அரண்மனை அதிகாரி ஆர்க்கோ பிரபுவிடம் போனார். அவர் வாங்கவில்லை. தகப்பனாரின் சம்மதம் இல்லாமல் முடியாது என்றார். மீண்டும் போனார், மீண்டும் இல்லை. ஒரு மாதமாக அந்தக் காகிதம் அதிமேற்றிராணியாரின் மேசைக்குப் போகவேயில்லை. ஆர்க்கோவைச் சுத்த மூர்க்கனென்று எண்ணவேண்டாம். மொசாற் குடும்பத்துக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை அவர். ஒருநாள் இருத்திவைத்துப் பேசினார். நானும் எத்தனையோ கடுஞ்சொற்களை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். வியன்னாவை நம்பாதே, முதலில் கைதட்டுவார்கள், காசும் தருவார்கள், சில மாதத்தில் புதியவன் ஒருவனைத் தேடுவார்கள் என்றும் எச்சரித்தார். மேலேயிருந்து வரும் ஏச்சை வாங்கிக் கீழே கடத்தும் நடு அதிகாரிகள் எக்காலத்திலும் உண்டு. அவர்களும் வீட்டில் நித்திரையின்றி இருப்பவர்கள்தான்.

ஆனால் ஜூன் 8-ந் திகதி, அதிமேற்றிராணியார் ஊருக்குத் திரும்பும் தறுவாயில் மொசாற் கடைசியாக விண்ணப்பத்தோடு வந்தபோது, அதே ஆர்க்கோ அவரைக் கதவுக்கு வெளியே தள்ளி, பின்புறத்தில் ஓர் உதையும் கொடுத்தார். மொசாற்றின் உத்தியோகம் அந்த உதையோடு முடிந்தது. கையெழுத்தில்லை, முத்திரையில்லை, விடுகைப் பத்திரமில்லை. அந்த உதையைத் தெருவில் வைத்துத் திருப்பிக் கொடுப்பேன் என்று மகன் தகப்பனாருக்கு எழுதினார். எழுதியதோடு சரி.

வியன்னாவில் முதல் வருடங்கள் நன்றாகவே போயின. 1782 ஜூலையில் அவருடைய இசைநாடகமொன்று சக்கரவர்த்தியின் நாடகசாலையில் வெற்றிபெற்றது. ஆகஸ்ட் 4-ந் திகதி புனித முடியப்பர் பேராலயத்தில் வேபர் விதவையின் மகள் கொன்ஸ்தான்சேயைக் கைப்பிடித்தார். தகப்பனாரின் சம்மதக் கடிதம் தாலிகட்டு முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தது. (தாலி அவர்கள் வழக்கமல்ல, எங்கள் வாய்வழக்கால் சொன்னேன்.) 1784-ம் ஆண்டுத் தபசு காலத்தை ஒட்டிய ஐந்தாறு கிழமைக்குள் இருபத்திரண்டு கச்சேரிகள். முன்பணம் கட்டிச் சேர்ந்தவர் 174 பேர்.

ஆனாலும் அந்த இல்லாத பத்திரம் மனத்தை அரித்தது. 1783-ல் மனைவியைத் தகப்பனாருக்குக் காட்ட ஊருக்குப் போக எண்ணியபோது, முறையாக விடுகை பெறாதவன் என்று அதிமேற்றிராணியார் தன்னைப் பிடித்துவைப்பாரோ என்று அஞ்சினார். நாம் மியூனிக்கில் சந்திப்போமே என்றுகூட எழுதிப் பார்த்தார். தகப்பனார் அந்தப் பயத்தைத் தள்ளிவிடவே, ஜூலைக் கடைசியில் இருவரும் வந்தார்கள். ஒருவரும் பிடிக்கவில்லை. வியன்னாவில் செவிலியிடம் விட்டுவந்த முதற் குழந்தை அவர்கள் இங்கே இருக்கும்போதே ஆகஸ்டில் இறந்தது.

ஒக்டோபர் 26-ந் திகதி, தாம் எழுதி முடிக்காத ஒரு பெரிய பூசை இசையை மொசாற் சால்ஸ்பேர்க்கில் நடத்தினார். பேராலயத்திலல்ல, ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் புனித இராயப்பர் மடத்துக் கோவிலில். கொன்ஸ்தான்சே பாடினார். அரண்மனைச் சங்கீதக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள் என்று அக்கா நானெர்ல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். மூன்று மணிநேரத்து விருந்துக்கும் முக்கால் மணித்தியாலத்துப் பூசைக்கும் அவரோடு கூடியிருந்து வாசித்த பழைய கூட்டாளிகள் அவர்கள். மறுநாள் காலை தம்பதிகள் புறப்பட்டார்கள். அதன்பின் மொசாற் சால்ஸ்பேர்க்கைப் பார்க்கவில்லை.

1785-ல் லெயோப்போல்ட் வியன்னாவுக்கு மகனிடம் வந்தார். வந்த மறுநாள் மகன் வீட்டில் ஹைடனைச் சந்தித்தார். தமக்குத் தெரிந்த சங்கீத கர்த்தாக்களில் உங்கள் மகனே எல்லாரிலும் பெரியவர் என்று ஹைடன் கடவுளைச் சாட்சியாக வைத்து அவரிடம் சொன்னார். தகப்பனாரின் கால்கள் ஊருக்குத் திரும்ப மறுத்தன போலும். ஆறு கிழமை லீவில் வந்தவர் அதையும் தாண்டி நின்றுவிட்டார். சம்பளத்தில் கைவைக்கப்போவதாக அரண்மனையிலிருந்து எச்சரிக்கை பிறந்தது. நான்கு வருடத்துக்கு முன் மகனைக் கண்டித்த அதே குற்றத்தைத் தகப்பனாரும் செய்தார்!

ஆர்க்கோவின் எச்சரிக்கையும் பொய்க்கவில்லை, காலந்தான் தாழ்ந்தது. துருக்கி யுத்தம் வந்தது, பெரிய குடும்பங்கள் செலவைச் சுருக்கின, ஜனங்களின் விருப்பமும் மாறிற்று. 1787-ன் முடிவில் சக்கரவர்த்தி 800 புளோரின் சம்பளத்தில் ஓர் உத்தியோகம் கொடுத்தார். அதில் முன்பிருந்த குளுக் என்பவர் வாங்கியது 2000. 1789-ல் கச்சேரிக்குச் சந்தா சேர்க்கப் பட்டியலை இரண்டு கிழமை சுற்றவிட்டபோது அதில் விழுந்தது ஒரேயொரு பெயர். புக்பேர்க் என்னும் துணி வியாபாரியிடம் கடன் கேட்டு எழுதிய கடிதங்களை வாசிக்கக் கஷ்டமாயிருக்கும். 1791 டிசம்பர் 5-ந் திகதி, 35 வயதில், மரித்தோர் பூசைக்கான இசையைப் பாதியில் விட்டு அவர் காலமானார். அந்தப் பத்து வருடத்துக்குள் அவர் எழுதியவைதான் பிகாரோவின் திருமணமும், டொன் ஜியொவானியும், மந்திரப் புல்லாங்குழலும், பியானோவுக்கான மகத்தான படைப்புகளும். சால்ஸ்பேர்க்கில் இருந்திருந்தால் அவை பிறந்திருக்குமா? இசைநாடகசாலை ஒன்றுகூட ஒழுங்காக இல்லாத ஊரில் பிறந்திருக்க இடமில்லை என்றே எண்ணுகிறேன். ஆனால் அந்த மே மாதக் காலையில் இவை ஒன்றும் அவர் கையில் இல்லை. தகப்பனாரின் கண்ணுக்கும் தெரியவில்லை.

கொலொரேடோ 1800 டிசம்பரில், பிரெஞ்சுப் படை நெருங்கிவரவே, இரவோடிரவாக நகரை விட்டு ஓடினார். 1803-ல் அவருடைய அரசும் போயிற்று. 1812-ல் வியன்னாவில் இறந்தார், மொசாற்றுக்குக் கதவைக் காட்டிய அதே நகரில்.

லெயோப்போல்ட் மட்டும் வேலையை விடவில்லை. மணமாகிப்போன மகளின் ஆண்குழந்தையை முதுமையில் தாமே வைத்து வளர்த்துக்கொண்டு, மகனின் கச்சேரிச் செய்திகளை வந்தவர் போனவரிடம் விசாரித்துக்கொண்டு, அரண்மனைக்குப் போய்வந்தார். 1787 மே 28-ந் திகதி இறக்கும்போதும் அவர் உதவி நடத்துனர்தான். நாற்பத்துநான்கு வருடச் சேவை. புனித செபஸ்தியார் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தார்கள். வியன்னாவிலிருந்து மகன் வரவில்லை.